பிள்ளையின் கையில் கைப்பேசி: காவல் யார் பொறுப்பு?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். சிட்லபாக்கத்தில் குடியிருக்கும் ஒரு தாய், தம் மகனின் கையைப் பிடித்தபடி என்னிடம் வந்தார். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்ப்பவர். கணவருக்கு ஒரகடம் பக்கம் வேலை. மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பையன் ஆறாம் வகுப்பு.

"சார், பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இந்த வீடியோவெல்லாம் பார்க்கக்கூடாது என்று சட்டம் வரப்போகிறதாமே, உண்மையா? வந்தால் எங்களுக்கு நிம்மதி" என்றார்.

அருகில் நின்ற ஒருவர், பெருங்களத்தூரில் கடை வைத்திருப்பவர், உடனே குறுக்கிட்டார். "பெற்ற பிள்ளையைக் கண்டிக்க நமக்குத் தெரியாதா அம்மா? வீட்டுக்குள் அரசாங்கம் எதற்கு? இன்று போன் என்பார்கள், நாளைக்கு எதை என்பார்களோ!"

இருவரும் நல்லவர்கள், இருவரும் தம் பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். இருவரில் யார் சொன்னது சரி என்று அன்று என்னால் சொல்ல இயலவில்லை. ஒரு மாத காலம் எண்ணிப்பார்த்தபின், என் மனத்திற்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தாயின் கதையைக் கேளுங்கள். பையன் நான்கு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுகிறான். தாய் வீடு திரும்ப ஏழு மணியாகிறது. மகள் தனிப்பயிற்சி முடித்து வருவதும் அந்நேரந்தான். தாய் வேலை செய்யும் தொழிற்கூடத்திற்குள் கைப்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை. ஆத்திர அவசரத்திற்குப் பிள்ளைகளிடம் இருக்கட்டும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். அந்த மூன்று மணி நேரமும் பையனுக்குத் துணை அந்தக் கைப்பேசிதான்.

கிரிக்கெட் பார்க்கிறான் என்றே அவர் நினைத்திருந்தார். ஒருநாள் இரவு பையன் தனியே படுக்க மறுத்தான். விளக்கை அணைத்தால் அலறினான். கைப்பேசியை எடுத்து, அன்று அவன் பார்த்தவற்றை வரிசையாகப் பார்த்திருக்கிறார். தொடக்கம் கிரிக்கெட்தான். பிறகு மைதானத்தில் அடிபட்டு விழுந்த ஆட்டக்காரர்கள். பிறகு சாலை விபத்துகள். பிறகு ஒரு தாயின் வாயால் சொல்லத் தகாத காட்சிகள். "இதில் ஒன்றைக்கூட அவன் தேடவில்லை சார். ஒன்று முடிந்தால் இன்னொன்று தானாகவே வந்திருக்கிறது" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதற்கு வருவோம்.

கைப்பேசி வந்த கதை

இக்கைப்பேசி அந்த வீட்டிற்குள் எப்படி நுழைந்தது? ஆடம்பரத்திற்காகவா? இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான பிள்ளைகள் மீண்டும் வகுப்பறைக்குள் கால் வைத்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டுக்கு மேலான காலத்தில், பாடம் வேண்டுமானால் கைப்பேசி வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. 2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் யூடியூபில் கிடைத்தன. மூத்த மகளுக்காகக் கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கினார் அந்தத் தாய். மகளுக்கு அருகில் உட்கார்ந்து எட்டிப்பார்த்த ஐந்து வயதுப் பையன்தான் இன்றைய ஆறாம் வகுப்பு மாணவன்.

ஆகவே, "பெற்றோரின் அலட்சியந்தான் காரணம்" என்று பேசுவோர் சற்றே நிதானிக்க வேண்டும். படிப்புக்காக வாங்கிய பொருள் அது. ஆனால் அது படிப்போடு நிற்கவில்லை. 2024-ஆம் ஆண்டின் 'அசர்' கல்வி ஆய்வு, நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளிடம் விசாரித்தது. முந்தைய வாரத்தில் கைப்பேசியைப் படிப்பிற்குப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகத்திற்குப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. நகரத்தின் விளிம்பில் வாழும் நம் பிள்ளைகளின் நிலை இதைவிட மேலானது என்று எண்ண எனக்குத் துணிவில்லை.

இரு காவலர்கள்

காவல் யார் பொறுப்பு என்ற வினா புதியதன்று. 1963 டிசம்பர் 4 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. அச்சு, திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றைக் குறித்தே அது பேசிற்று. தீங்கான காட்சிகள் வீட்டு வாசலைத் தாண்டாமல் காப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. அதோடு நின்றுவிடவில்லை, இளையோரின் வயதுக்குத் தீங்கானவற்றிலிருந்து அவர்களைக் காப்பதில் அரசுக்கும் தனிக் கடமை உண்டு என்று கூறுகிறது. இரு காவலர்கள், ஒருவர் இருப்பதால் மற்றவர் உறங்கலாம் என்பதில்லை.

திரைப்படத்தின் வகையில் நாம் இதனை நடைமுறையில் கண்டிருக்கிறோம். 1952-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, வயது வந்தோருக்கு மட்டுமான படத்திற்கு 'ஏ' சான்றிதழ் வழங்கப்படுகிறது. அப்படத்திற்குச் சிறுவனை உள்ளே விட்டால் பொறுப்பு யாருடையது? கொட்டகைக்காரருடையது. சிறுவனைத் தண்டிப்பதில்லை. "உன் மகனை நீ ஏன் பிடித்து வைக்கவில்லை?" என்று தாயைக் கேட்டுவிட்டு, கொட்டகைக்காரரைச் சும்மா விடுவதுமில்லை. சீட்டு விற்றுக் காசு வாங்குகிறவர் வாசலையும் காக்க வேண்டும் என்பது நியாயமாகவே எல்லோருக்கும் பட்டது.

இன்று கொட்டகை வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டது. இரவும் பகலும் காட்சி நடக்கிறது. வாசலில் நிற்பவரோ எவருமில்லை. "உன் பிறந்த ஆண்டு எது?" என்று கேட்கிறார்கள், பிள்ளை எதை எழுதினாலும் கதவு திறக்கிறது. ஆகவே, அரசு தலையிடலாமா என்ற கேள்விக்கு என் விடை, தலையிடலாம் என்பது மட்டுமன்று. தலையிட வேண்டும் என்பதே. ஆனால் எதை, எப்படி என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஏனெனில் நம் மாநிலத்திலேயே ஒருமுறை இதனைச் செய்து பார்த்தாயிற்று.

நாம் கண்ட அனுபவம்

2019 ஏப்ரல் 3 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 'டிக்டாக்' செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடை செய்யுமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆபாசமும், முன்பின் தெரியாதவர்கள் சிறாரை அணுகும் அபாயமும் அதற்குக் காரணமாகக் கூறப்பட்டன. சில நாட்களில் கூகுள், ஆப்பிள் நிறுவனங்கள் இந்தியாவில் தங்கள் கடைகளிலிருந்து அச்செயலியை நீக்கின. ஆனால் ஏற்கெனவே கைப்பேசியில் வைத்திருந்தவர்கள் தொடர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று திரும்பியது. ஏப்ரல் 24 அன்று மதுரைக் கிளையே நிபந்தனைகளோடு தடையை நீக்கியது. மூன்று வாரங்களில் எல்லாம் பழையபடி ஆயிற்று.

அடுத்த ஆண்டு, 2020 ஜூன் 29 அன்று, நாட்டின் பாதுகாப்பையும் இறையாண்மையையும் காரணமாகக் காட்டி, மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கும் அவற்றில் ஒன்று. இம்முறை தடை நிலைத்தது. நம் பிள்ளைகள் தப்பினார்களா? அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் 'ரீல்ஸ்' இந்தியாவிற்கு வந்தது. செப்டம்பரில் யூடியூப் நிறுவனம் 'ஷார்ட்ஸ்' என்பதை முதன்முதலாக நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்தது. விரலால் தள்ளத் தள்ள முடிவில்லாமல் வரும் அதே குறுங்காட்சிகள். பெயர்ப்பலகை மட்டும் வேறு.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். ஒரு கடையின் பெயரைச் சொல்லி மூடுவதால் பயனில்லை. அக்கடையின் வியாபார முறையைச் சட்டம் தொட வேண்டும். சிட்லபாக்கத்துத் தாய் சொன்னதை நினைவுகூருங்கள்: "ஒன்று முடிந்தால் இன்னொன்று தானாகவே வந்திருக்கிறது." பையனைக் கிரிக்கெட்டிலிருந்து விபத்துக்கும், விபத்திலிருந்து கோரத்திற்கும் அழைத்துச் சென்றது அவனுடைய கெட்ட எண்ணமன்று. எதைக் காட்டினால் கண்ணை எடுக்காமல் பார்ப்பான் என்று கணக்கிட்டு, அடுத்ததை எடுத்து நீட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. எவ்வளவு நேரம் பார்க்கிறானோ அவ்வளவு விளம்பரம், அவ்வளவு வருமானம்.

பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது இந்நிறுவனங்களுக்குத் தெரியாததன்று. டிக்டாக்கை நடத்தும் அதே பைட்டான்ஸ் நிறுவனம், சீனாவில் 'டோயின்' என்ற பெயரில் செயலி நடத்துகிறது. 14 வயதுக்குக் குறைந்தோர் அதில் நாளொன்றுக்கு 40 நிமிடங்களே பார்க்கலாம் என்றும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பார்க்கவே முடியாது என்றும் 2021-இல் அந்நிறுவனம் அறிவித்தது. அரசு கண்டிப்பாக இருந்த இடத்தில் நிறுவனத்திற்கு வழி தெரிந்திருக்கிறது. அமெரிக்காவிலோ, பெற்றோரின் அனுமதியின்றிச் சிறுவர்களின் விவரங்களைச் சேகரித்தது குறித்த வழக்கை முடித்துக்கொள்ள, 2019-இல் கூகுளும் யூடியூபும் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஆஸ்திரேலியாவின் வழி

அந்தத் தாய் கேள்விப்பட்ட சட்டம் ஆஸ்திரேலியாவுடையது. 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. 16 வயதுக்குக் குறைந்தோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. யூடியூபும் அதில் அடங்கும். மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. நிறுவனத்திற்கு 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். சுமார் 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக அந்நாட்டு அரசு 2026 ஜனவரியில் தெரிவித்தது. அதே டிசம்பரில் நம் மதுரைக் கிளையும், சிறார் ஆபாசக் காட்சிகளைக் காண நேர்வது பற்றிய ஒரு வழக்கில், இத்தகைய சட்டம் இயற்றுவது குறித்து மத்திய அரசு ஆராயலாம் என்று யோசனை கூறியது. செய்தித்தாள்களில் நாம் படித்தது இதைத்தான்.

பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்திருக்கிறார்களே, அது பாராட்டத்தக்கது. ஆயினும் நம் வீடுகளுக்கு அச்சட்டம் அப்படியே பொருந்துமா? சிட்லபாக்கத்து வீட்டில் உள்ள கணக்கு யாருடையது? தாயினுடையது. நிறுவனத்தின் ஏட்டில், மாலை நான்கு மணிக்குக் கிரிக்கெட் பார்ப்பவர் நாற்பது வயதுப் பெண்மணி! ஒரே கைப்பேசியை வீடே பகிர்ந்துகொள்ளும் நம் குடும்பங்களில், பிள்ளையின் கணக்கை மூடும் சட்டம் பிள்ளையைத் தொடவே தொடாது. மேலும், ஆஸ்திரேலியாவிலேயே கணக்கு இன்றி யூடியூப் பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கணக்கு இல்லாவிட்டால், பெற்றோர் அதில் அமைத்து வைக்கும் கட்டுப்பாடுகளும் இல்லாமல் போகும் அல்லவா?

பெருங்களத்தூர்க் கடைக்காரரின் அச்சத்தையும் நான் தள்ளிவிடவில்லை. பிள்ளைகளின் வயதை அறிய வேண்டுமானால் எல்லோருடைய வயதையும் சோதிக்க வேண்டிவரும். அடையாள அட்டையைக் காட்டினால்தான் எதையும் பார்க்கலாம் என்றால், அந்த விவரங்களெல்லாம் யார் கையில் போய்ச் சேரும்? இன்னொன்றும் உண்டு. தடை என்று வந்தால் பல வீடுகளில் முதலில் கைப்பேசி பறிபோவது மகளிடமிருந்துதான்; மகனிடமிருந்து அன்று. கணக்குப் பாடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஏழைப் பெண்ணுக்கு, அதே யூடியூப்தான் கட்டணமில்லாத ஆசிரியர். தீமையைத் தடுக்கப் போய் அவளுடைய வாய்ப்பைப் பறித்துவிடக்கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

அப்படியானால் அரசிடம் நாம் எதைக் கேட்பது? மூன்றைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது, அடுத்த காணொளி தானாக ஓடும் 'ஆட்டோபிளே', முடிவில்லாக் குறுங்காட்சி, பார்த்ததைக் கணக்கிட்டு மேலும் மேலும் நீட்டும் பரிந்துரை ஆகியவை வாங்கும்போதே அணைக்கப்பட்டிருக்க வேண்டும். வேண்டும் என்கிற பெரியவர் தாமே திறந்துகொள்ளட்டும். இப்போது நடப்பது தலைகீழானது. எல்லாம் திறந்தே வருகின்றன, தெரிந்த பெற்றோர்தாம் தேடி அணைக்க வேண்டியிருக்கிறது. இம்முறையில் யார் கணக்கு, எந்த வயது என்ற கேள்வியே எழாது. அடையாள அட்டையும் தேவையில்லை.

இரண்டாவது, உள்ள சட்டம் உயிர்பெற வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தோரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்குப் பதினெட்டு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. அந்தக் கெடு மேலும் மேலும் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வது மக்களாகிய நம் கடமை.

மூன்றாவது, ஒரு கதவை அடைக்கச் சொல்லும்போது இன்னொன்றைத் திறக்கவும் கேட்க வேண்டும். பல்லாவரமும் தாம்பரமும் பம்மலும் சிட்லபாக்கமும் பெருங்களத்தூரும் இணைந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஏரியைச் சுற்றி மனைகள் பெருகின. பிள்ளைகள் ஓடியாடும் வெளி சுருங்கிற்று. மாலை நான்கு முதல் ஏழு வரை ஒரு பதினொரு வயதுப் பையன் எங்கே போவான்? நடந்துபோகும் தூரத்தில் ஒரு விளையாட்டுத் திடலும், மாலையில் திறந்திருக்கும் ஒரு படிப்பகமும் இருந்தால், பாதித் தடைச்சட்டம் அங்கேயே நிறைவேறிவிடும். வாக்குக் கேட்டு வருவோரிடம் இதனைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சட்டம் வரும் வரை நாம் கைகட்டி இருக்கலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட மழலைக்குத் திரையே வேண்டாம் என்றும், நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்குமேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. சோறூட்டும்போது கைப்பேசியைக் காட்டும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ஆட்டோபிளேயை அணைக்க ஒரு நிமிடம் போதும். தெரியாவிட்டால் மூத்த பிள்ளைகளிடம் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். இரவு ஒன்பது மணிக்குமேல் வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஓரிடத்தில் இருக்கட்டும். தந்தையின் கைப்பேசியும் சேர்த்தே சொல்கிறேன். எல்லாவற்றிற்கும் மேலாக, பயந்துபோய் வரும் பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த முறை பயத்தையும் மறைத்துக்கொள்வான்.

அந்தத் தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவரும் அதே தெருவைச் சேர்ந்த வேறு மூன்று குடும்பத்தினரும் கூடிப் பேசினார்கள். அவர்களில் ஒரு வீட்டுப் பாட்டியம்மாள், நான்கு மணிக்கு வரும் பிள்ளைகள் ஏழு பேருக்கும் சுண்டலோ அவலோ கொடுத்துத் தம் திண்ணையில் வீட்டுப்பாடம் எழுத வைக்கிறார். பிறகு தெருவில் பந்தாட்டம். குடும்பங்கள் முறைவைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. கைப்பேசி பாட்டியம்மாளின் இடுப்பில். அழைப்பு வந்தால் மட்டும் எடுக்கிறார்.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று அவர் சொல்லவில்லை. விடுமுறை நாட்களில் பையன் இன்னும் கைப்பேசிக்காக மல்லுக்கு நிற்கிறானாம். பெருங்களத்தூர்க் கடைக்காரர் இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டு, "பார்த்தீர்களா, அரசாங்கம் இல்லாமலே முடிந்ததே!" என்றார். அந்தத் தாய் அமைதியாகச் சொன்னார்: "பாட்டி இருக்கிற தெருவில் முடிந்தது அண்ணே. பாட்டி இல்லாத தெருவில் என்ன செய்வார்கள்?"

கடைக்காரர் மறுமொழி கூறவில்லை. அரசு சட்டம் இயற்ற வேண்டியது அந்தப் பாட்டி இல்லாத தெருவிற்காகத்தான். அது வரும் வரை, உங்கள் தெருவில் நான்கு மணிக்குத் தனியே வீடு திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் அன்பியக் கூட்டத்தில் அதைப் பேசுங்கள். என்ன செய்ய முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் அவற்றை இப்பகுதியில் பகிர்ந்துகொள்வோம்.